எதைப் பூட்டுவது, எதைத் திறந்துவைப்பது: தீவில் சரக்குத் திட்டமிடுவோருக்கு ஒரு பதில்

கேள்வி: "மொரீஷியஸின் போர்ட் லூயியில் ஒரு மளிகை இறக்குமதி நிறுவனத்தில் கொள்முதல் திட்டமிடும் பொறுப்பில் இருக்கிறேன். அரிசி, பருப்பு, மசாலா, பூசைப் பொருள்கள் எல்லாம் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வருகின்றன. 'சந்தை மாறிக்கொண்டே இருக்கிறது, திட்டமும் வாராவாரம் மாற வேண்டும்' என்கிறது விற்பனைப் பிரிவு. 'போட்ட திட்டத்தை மூன்று மாதத்துக்குத் தொடாதீர்கள்' என்கின்றன கிடங்கும் கணக்குப் பிரிவும். யார் சொல்வது சரி? வேகத்துக்கும் நிலைத்தன்மைக்கும் நடுவில் எங்கே நிற்பது?"

இரு தரப்பு சொல்வதிலும் உண்மை இருக்கிறது. விற்பனைப் பிரிவின் கண் கடை அலமாரியில் இருக்கிறது. நேற்று ஓடிய பொருள் இன்று அங்கே தூங்குகிறது. கிடங்கின் கண் துறைமுகத்தில் இருக்கிறது. கப்பலில் ஏறிய சரக்கை யாராலும் திருப்ப முடியாது. திட்டம் என்ற ஒரே பெயரில் பல முடிவுகளைச் சேர்த்துக் கட்டி வைத்திருப்பதால்தான் இந்தச் சண்டை வருகிறது என்பது என் எண்ணம். எந்த ஆலையில் வாங்குவது, இந்த ஆண்டு மொத்தம் எத்தனை கன்டெய்னர், எந்த வாரத்துக் கப்பல், கன்டெய்னருக்குள் எந்த ரகம் எவ்வளவு, மூட்டை ஐந்து கிலோவா இருபத்தைந்து கிலோவா, வந்த சரக்கில் ரோஸ் ஹில்லுக்கு எவ்வளவு, ரோட்ரிக்ஸ் தீவுக்கு எவ்வளவு... இவையெல்லாம் ஒரே தாளில் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் கெடு வேறு, மாற்றினால் ஆகும் செலவும் வேறு.

ஆகவே என் பதில் இதுதான். மாற்றினால் அதிகச் செலவு வைக்கும் முடிவுகளை முன்கூட்டியே எடுத்துப் பூட்டிவிடுங்கள். செலவு குறைந்தவற்றைக் கடைசி நாள் வரை திறந்து வையுங்கள். முதலாவதை ஒழுங்காகச் செய்தால் மிச்சமாகும் பணமும், ஆலைக்காரரிடமும் கப்பல் முகவரிடமும் சேரும் நம்பிக்கையும்தான் இரண்டாவதைச் செய்ய உங்களுக்குக் கைமுதல். நான் இந்தத் தீவில் முதலில் ஆடைத் தொழிற்சாலையிலும் பிறகு உணவுப் பொருள் இறக்குமதியிலும் திட்டமிடும் வேலை பார்த்தவன். இரண்டு தொழிலிலும் இந்த வரிசை மாறியதில்லை: நிலைத்தன்மை முதலில், அதன் தயவில் வேகம்.

வாராவாரம் மாற்றுவதால் என்ன கேடு என்று ஒரே ஓர் ஆர்டரை வைத்துப் பார்ப்போம். ஆரணிப் பக்கத்து ஆலை ஒன்றுக்கு ஓர் இருபது அடி கன்டெய்னர் பொன்னி அரிசி, ஏறத்தாழ 25 டன், சொல்லியிருக்கிறீர்கள். பாதி ஐந்து கிலோ பை, பாதி இருபத்தைந்து கிலோ மூட்டை. இரண்டு வாரம் கழித்து, ஐந்து கிலோ பை நன்றாகப் போகிறது என்று விற்பனைப் பிரிவு சொல்ல, முழுவதையும் ஐந்து கிலோவாக மாற்றச் சொல்கிறீர்கள். உங்கள் கணினியில் மாறியது ஒரு கட்டத்தில் இருந்த ஓர் எண் மட்டும். ஆலையில் என்ன ஆகிறது? உங்கள் பெயர் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சிட்ட பை போதாது. பை அச்சிடுபவர் குறைந்தபட்ச எண்ணிக்கை இல்லாமல் இயந்திரத்தை ஓட்டமாட்டார். பை வந்து சேர்ந்தாலும், ஐந்து கிலோ கட்டுவது இருபத்தைந்து கிலோ கட்டுவதைவிடப் பல மடங்கு மெதுவான வேலை. கன்டெய்னரில் சரக்கு ஏற்றும் நாள் தள்ளிப்போகிறது. சென்னைத் துறைமுகத்தில் கப்பலுக்கான கெடு தவறுகிறது. அடுத்த கப்பல் கிடைக்கிறது, ஆனால் கொழும்பில் மாற்றி ஏற்ற வேண்டிய பெரிய கப்பலின் நாளோடு அது பொருந்தவில்லை. பைகளின் எண்ணிக்கை மாறியதால் பூச்சி மருந்துப் புகையிட்ட சான்றிதழ், தாவர நலச் சான்றிதழ், சரக்குப் பட்டியல் எல்லாம் புதிதாக வர வேண்டும். வங்கிக் கடன் கடிதம் (ஆவணங்கள் சரியாக இருந்தால் விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதி) திறந்திருந்தால் அதற்கும் திருத்தம், திருத்தத்துக்குக் கட்டணம். ஐந்து கிலோ பை வேண்டும் என்று கேட்ட கடைக்காரருக்கு, மாற்றாமல் விட்டிருந்தால் வந்திருக்கும் நாளைவிட மூன்று வாரம் தாமதமாகப் பை வருகிறது.

இந்தச் செலவுகளை எப்படியாவது கணக்கில் எழுதிவிடலாம். எழுத முடியாத ஒன்று இருக்கிறது. அடுத்த முறை உங்கள் ஆர்டர் போகும்போது ஆலைக்காரர் வேலையைத் தொடங்குவதில்லை. 'இவர் எப்படியும் மாற்றுவார், பொறுத்துச் செய்யலாம்' என்று உங்கள் தாளை அடியில் வைத்துவிடுகிறார். அவர் தாமதிக்கிறார் என்று தெரிந்ததும் நீங்கள் தேவைக்கு மேல் கூட்டிச் சொல்லத் தொடங்குகிறீர்கள். கூட்டிச் சொல்கிறீர்கள் என்று அவருக்கும் தெரியவரும். அதன் பிறகு உங்கள் இருவருக்கும் நடுவில் போய்வரும் எண்களில் எதுவும் எதையும் குறிப்பதில்லை.

கடையில் சிறிதாக அசையும் தேவை, மேலே போகப் போகப் பெரிதாக ஆடுவதை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரெஸ்டர் 1961இலேயே விளக்கிக் காட்டினார். பின்னாளில் 'புல்விப்', அதாவது சாட்டை விளைவு, என்று பெயர் பெற்றது இதுதான். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் குழந்தை டயப்பர் ஆர்டர்களில் இதைக் கண்டது. குழந்தைகள் ஒரே சீராகத்தான் டயப்பரை நனைக்கின்றன. ஆனாலும் மொத்த வணிகர்களின் ஆர்டர் ஏறி இறங்கியது, மூலப்பொருளுக்குப் போன ஆர்டரோ இன்னும் தாறுமாறாக ஆடியது. 1997இல் ஸ்டான்ஃபோர்டின் ஹாவ் லீயும் உடன் ஆய்வாளர்களும் இதற்கு நான்கு காரணங்கள் சொன்னார்கள்: ஒவ்வொருவரும் தனித்தனியே முன்கணிப்பைத் திருத்துவது, ஆர்டர்களைச் சேர்த்துவைத்து மொத்தமாகப் போடுவது, தள்ளுபடியால் விலை ஏறி இறங்குவது, தட்டுப்பாட்டு நேரத்தில் பங்கு கிடைக்காது என்று அஞ்சிக் கூட்டிக் கேட்பது. நான்கில் எதுவுமே சாப்பிடுகிறவரால் வந்ததல்ல, எல்லாம் திட்டமிடுகிறவர்கள் கையால் வந்தவை. உங்கள் விற்பனைப் பிரிவு 'சந்தை மாறுகிறது' என்று சொல்லும்போது, அந்த மாற்றத்தில் எவ்வளவு மக்களின் சமையலறையிலிருந்து வந்தது, எவ்வளவு உங்கள் சொந்தத் தள்ளுபடியாலும் மாத இறுதி இலக்காலும் வந்தது என்று பிரித்துப் பாருங்கள். அரிசி, பருப்பு விஷயத்தில் இரண்டாவதுதான் பெரும்பங்காக இருக்கும். இந்தத் தீவில் மக்கள் தொகை ஏறத்தாழ 12 லட்சம். அவர்கள் ஒரு மாதத்தில் உண்ணும் அரிசியின் அளவு அடுத்த மாதத்தில் பெரிதாக மாறிவிடாது.

அப்படியானால் கணக்குப் பிரிவு கேட்பதுபோல் எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்குப் பூட்டிவிடலாமா? 2023 ஜூலை முதல் 2024 தொடக்கம் வரை நடந்ததை நினைத்துப் பார்த்தால் அதற்கும் பதில் கிடைக்கும். நம் வணிகத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2023 ஜூலை 20 அன்று இந்தியா, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. தடை அன்றே நடப்புக்கு வந்தது. ஏற்கெனவே கப்பலில் ஏறத் தொடங்கிய சரக்கு, சுங்கத்திடம் ஒப்படைத்த சரக்கு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆலையில் கட்டி அடுக்கியிருந்த மூட்டையும், லாரியில் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த மூட்டையும் அங்கேயே நின்றன. ஆகஸ்ட் 25இல் புழுங்கலரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. இரண்டு நாள் கழித்துப் பாசுமதிக்கு டன்னுக்கு 1,200 டாலர் என்று குறைந்தபட்ச விலை வைத்தார்கள். அக்டோபரில் அதை 950 ஆகக் குறைத்தார்கள். ஆகஸ்ட் இறுதியில் மொரீஷியஸுக்கு 14,000 டன் வெள்ளை அரிசி அனுப்ப இந்தியா தனி அனுமதி கொடுத்தது. டிசம்பர் 8இல் வெங்காய ஏற்றுமதிக்கும் தடை. பிறகு 2024இல் மொரீஷியஸுக்கு 1,200 டன் வெங்காயத்துக்கு அனுமதி. இந்த விலக்குகள் எல்லாம் அரசுக்கும் அரசுக்கும் இடையில், கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனத்தின் வழியாக நடந்தவை. தனியார் மொத்த வணிகர் அதை நம்பித் திட்டம் போட முடியாது. நாட்டுக்கு அரிசி வந்தது என்பதும் உங்கள் கிடங்குக்கு அரிசி வந்தது என்பதும் வேறு வேறு செய்திகள்.

அதே 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியது. டிசம்பர் நடுவில் பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் வழியை விட்டு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றத் தொடங்கின. நம் சென்னைச் சரக்கு சூயஸ் வழியே வருவதில்லை. ஆனாலும் பாதிப்பு நமக்கும் வந்தது. கப்பல்கள் நீண்ட பாதையில் சிக்கிக்கொண்டதால் மற்ற வழித்தடங்களில் கால அட்டவணை குலைந்தது, காலிக் கன்டெய்னர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளத்தில் மூழ்கடித்தது. 2024 ஜனவரி 15இல் பெலால் புயலின் மழை போர்ட் லூயித் தெருக்களில் கார்களை அடித்துக்கொண்டு போனது. தைப்பூசக் காவடி ஜனவரி 25. அதாவது காவடி விரதம் தொடங்கும் நேரத்தில், பருப்பும் மஞ்சளும் கற்பூரமும் தேங்காயும் கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய நாள்களில், துறைமுகமும் சாலையும் நின்றன.

இந்த ஏழு மாதத்தில் மூன்று மாதத் திட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருந்தவர்கள் விற்க அரிசி இல்லாமல் நின்றார்கள். வாராவாரம் மாற்றியவர்களும் அதே நிலையில்தான் இருந்தார்கள். தடை வந்த வாரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பாகிஸ்தானுக்கும் தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் தொலைபேசியில் பேசினார்கள், விலை கூடிய பிறகு பேசினார்கள், முன்பின் தெரியாத ஏற்றுமதியாளர்களிடம் பேசினார்கள். அந்த வாரத்தில் வேகமாக மாற முடிந்தவர்கள், அதற்கு முன்பே வேறு நாட்டு ஆலை ஒன்றின் மாதிரி அரிசியைச் சமைத்துப் பார்த்து, விலை பேசி, ஆண்டுக்கு ஓரிரு கன்டெய்னராவது வாங்கிப் பழகி வைத்திருந்தவர்கள். வேகம் என்பது நெருக்கடி நாளில் எங்கிருந்தோ கிடைப்பதல்ல. அமைதியான மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு கொடுத்து வாங்கி வைப்பது.

குறித்த நேரத்துக்குச் சரக்கு என்ற முறையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த டொயோட்டாவே இதற்குச் சான்று. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த நிறுவனம் தன் உதிரிபாக வலையை அடிவரை ஆராய்ந்தது. நின்றால் மாற்று கிடைக்க நெடுநாள் ஆகும் பொருள்களுக்கு, குறிப்பாகக் கணினிச் சில்லுகளுக்கு, இரண்டு முதல் ஆறு மாதம் வரை கையிருப்பு வைக்கும்படி விற்பனையாளர்களைக் கேட்டுக்கொண்டது. 2021இல் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது போட்டி நிறுவனங்கள் முன்னதாகவே உற்பத்தியைக் குறைத்தன. டொயோட்டா அதன் பிறகும் பல மாதம் தாக்குப்பிடித்தது. எல்லாப் பொருளுக்கும் கையிருப்பைக் கூட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். எது நின்றால் ஆலையே நிற்குமோ அதற்கு மட்டும்.

இப்போது ஒரு கணக்கு. தீவில் திட்டமிடும் ஒவ்வொருவரும் இதை ஒரு முறையாவது தன் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்பேன்.

ஒரு ரக அரிசி வாரம் சராசரி 100 மூட்டை விற்கிறது. வாராந்தர ஏற்ற இறக்கம், அதாவது திட்டவிலக்கம், 20 மூட்டை. ஆர்டர் போட்டு வந்துசேரச் சராசரி ஆறு வாரம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை இருப்புத் தீராமல் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் ஒருபோதும் தவறாமல் ஆறாவது வாரம் வந்தால், காப்பு இருப்பு (எதிர்பாராத ஏற்ற இறக்கத்துக்கென்று கூடுதலாக வைக்கும் சரக்கு) 1.65 (தொண்ணூற்றைந்து சதவீதத்துக்கு உரிய புள்ளியியல் எண்) பெருக்கல் 20 பெருக்கல் ஆறின் வர்க்கமூலம்: ஏறத்தாழ 81 மூட்டை போதும். ஆனால் கப்பல் வரும் காலமே ஒன்றரை வாரம் முன்பின்னாக ஆடுகிறது என்றால், அந்த ஆட்டத்தையும் சேர்க்கும் வழக்கமான வாய்பாட்டின்படி காப்பு இருப்பு 260 மூட்டைக்கு ஏறிவிடும். மும்மடங்குக்கும் மேல்.

இப்போது உங்களிடம் கொஞ்சம் பணம் இருக்கிறது, ஒன்றைத்தான் சரிசெய்யலாம். புதிய மென்பொருள் வாங்கி முன்கணிப்புப் பிழையைப் பாதியாக்கினால், 20 என்பது 10 ஆகிறது. காப்பு இருப்பு 260இலிருந்து 251க்கு மட்டுமே இறங்குகிறது. அதற்குப் பதில் கப்பல் காலத்தின் ஆட்டத்தைப் பாதியாக்கினால், ஒன்றரை வாரம் என்பது முக்கால் வாரமாகி, காப்பு இருப்பு 148க்கு இறங்குகிறது. புயலும் தடையும் இந்த வாய்பாட்டின் சீரான வளைவுக்குள் அடங்காது என்பதால் இந்த எண்களை அப்படியே கிடங்கில் வைக்க வேண்டாம். எந்தத் திசையில் உழைக்க வேண்டும் என்பதை மட்டும் இவை தெளிவாகக் காட்டுகின்றன. கடைத் தேவையை இன்னும் நுணுக்கமாகத் துரத்துவதால் தீவு வணிகருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. சரக்கு வரும் நாளைச் சீராக்குவதால் கிடைப்பது மிக அதிகம். விற்பனைப் பிரிவுக்கு இந்த மூன்று எண்களையும் காட்டுங்கள். உங்கள் கூட்டத்தின் பேச்சே மாறிவிடும்.

சரக்கு வரும் நாளை எப்படிச் சீராக்குவது? இங்கேதான் பூட்ட வேண்டியவை வருகின்றன. முதலாவது, கப்பல் ஒழுங்கு. ஒரே மாதத்தில் பன்னிரண்டு கன்டெய்னர் கேட்டுவிட்டு அடுத்த மாதம் சும்மா இருப்பதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மூன்று என்று ஆண்டு முழுவதும் இடம் பேசிவையுங்கள். தவறாமல் வரும் வாடிக்கையாளருக்குக் கப்பல் முகவர் நெருக்கடி நாளிலும் ஓர் இடம் ஒதுக்குவார். திடீரென்று வருபவரைக் காத்திருக்கச் சொல்வார். முடிந்தால் இரண்டு கப்பல் நிறுவனங்களிடம் பிரித்துக் கொடுங்கள், ஒன்று கொழும்பில் சிக்கினாலும் மற்றது வரும். இரண்டாவது, ஒவ்வோர் ஆலைக்கும் மொத்த அளவு. ஆண்டுக்கு இவ்வளவு டன் வாங்குவோம், மாதத்துக்கு இவ்வளவுக்குக் குறையாது என்று வாக்குக் கொடுத்துவிடுங்கள். ஆலைக்காரருக்கு நெல் வாங்கத் தேவைப்படும் செய்தி அது ஒன்றுதான். எந்தப் பையில் கட்டுவது என்பதை அவர் பிறகு கேட்டுக்கொள்வார்.

மூன்றாவதாக, எந்த நாளிலிருந்து பூட்டு. இதை 'ஒரு மாதம்', 'மூன்று மாதம்' என்று உருண்டையான எண்ணில் வைக்காதீர்கள். மாற்றச் செலவு எந்த நாளில் எகிறுகிறதோ அந்த நாளில் வையுங்கள். மேலே சொன்ன அரிசி ஆர்டரில் அப்படி இரண்டு நாள்கள் உண்டு: பை அச்சுக்குப் போகும் நாள், கப்பல் கெடு நாள். பை அச்சுக்குப் போகும் வரை ரகத்தையும் பையையும் தாராளமாக மாற்றலாம். அதன் பிறகு, கையில் இருக்கும் பைக்குள் அடங்கும் மாற்றம் மட்டும். கெடு நாளுக்குப் பத்து நாள் முன்பிருந்து எதுவும் கிடையாது. மசாலாப் பொடிக்கு இந்த நாள்கள் வேறு, கற்பூரத்துக்கு வேறு. பொருளுக்குப் பொருள் இதைக் கண்டுபிடிக்க ஆலையிலும் முகவரிடமும் கேட்பது தவிர வேறு வழியில்லை. ஒரு முறை சென்னைக்குப் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

பருவமும் பூட்டைப் பாதிக்கும். சென்னைப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். இங்கே நவம்பரில் தொடங்கிப் புயல் காலம், அதிலும் ஜனவரி முதல் மார்ச் வரை கடுமை. எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போனால் தீவில் வேலை நின்றுவிடும். காவடி தை மாதத்தில் வருவதால், நம் பெரிய விற்பனை இரண்டு பக்கத்துப் புயல்களுக்கும் நடுவில் மாட்டியிருக்கிறது. எனவே காவடிச் சரக்குக்கு வழக்கமான ஆறு வாரக் கணக்கு உதவாது. கெடாத பொருள்கள், அதாவது கற்பூரம், ஊதுபத்தி, மஞ்சள்தூள், விளக்குத் திரி, பருப்பு, செப்டம்பரிலேயே உறுதியாகி நவம்பர் இறுதிக்குள் கிடங்கில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு மாதம் கூடுதலாக வட்டி ஏறும் என்று கணக்குப் பிரிவு முகம் சுளிக்கும். விரதம் இருக்கும் வீட்டுக்குப் பருப்பு கிடைக்காமல் போவதை அந்த வட்டியோடு ஒப்பிடவே கூடாது. காவடி எடுப்பவர் அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளமாட்டார், உங்கள் கடையை மறக்கவும் மாட்டார்.

திறந்து வைக்க வேண்டியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, பொருளின் கடைசி உருவத்தைத் தள்ளிப்போடுவது. இத்தாலியின் பெனெட்டன் நிறுவனம் கம்பளி ஆடையைச் சாயமேற்றாமல் முதலில் பின்னிவிட்டு, எந்த நிறம் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு சாயமேற்றியது. எங்கள் ஆடைத் தொழிற்சாலையிலும் சாயமேற்றாத துணியைத்தான் இருப்பு வைப்போம். நூல், துணியின் அளவு மாதக்கணக்கில் முன்பே முடிவாகியிருக்கும். ஐரோப்பிய வாடிக்கையாளர் நீலத்தைப் பச்சையாக்கச் சொன்னால் நூல்காரருக்கு அது தெரியவே தெரியாது. மளிகையில் இதற்கு இணை, பைக்கட்டு. அரிசியையும் பருப்பையும் இருபத்தைந்து கிலோ மூட்டையில் மட்டும் கொண்டுவந்து, ஒரு கிலோ, ஐந்து கிலோவை உங்கள் கிடங்கிலேயே கட்டுங்கள். ஓர் எடைபோட்டுக் கட்டும் இயந்திரமும் இரண்டு ஆள் கூலியும் செலவு. பதிலுக்கு, விற்பனைப் பிரிவு கேட்கும் மாற்றங்களில் பாதிக்கு மேல் சென்னைக்குப் போகாமல் இங்கேயே, அதே வாரத்தில் நிறைவேறிவிடும். கட்டும் இடத்தின் சுத்தத்துக்கும் லேபிளுக்கும் இங்குள்ள உணவுச் சட்டத்தின்படி நடந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, வந்த சரக்கை உடனே முழுதாகப் பங்கிட்டுவிடாமல் ஒரு பகுதியை யாருக்கும் எழுதாமல் வைத்திருப்பது. கன்டெய்னர் திறந்த அன்றே ரோஸ் ஹில், காத்ர் போர்ன், குட்லண்ட்ஸ் என்று பிரித்து அனுப்பிவிட்டால், ஓர் இடத்தில் தேங்கும், இன்னோர் இடத்தில் தீரும்; திரும்ப ஏற்றிக் கொண்டுவர யாருக்கும் மனம் வராது. எழுபது, எண்பது சதவீதத்தைப் பங்கிட்டு மீதியைப் போர்ட் லூயியிலேயே வைத்திருந்தால் இரண்டாம் வாரத்தில் தேவை தெரிந்து அனுப்பலாம். தீவின் எந்த மூலைக்கும் லாரி அரை நாளில் போய்விடும் என்ற வசதியைப் பயன்படுத்த வேண்டாமா? ரோட்ரிக்ஸ் மட்டும் விதிவிலக்கு. அங்கே சரக்கு நம்மிடமிருந்து மறுபடி கப்பல் ஏறிப் போக வேண்டும். நமக்குச் சென்னை எப்படியோ அவர்களுக்கு நாம் அப்படி. அவர்கள் பங்கை முதலில் பூட்டிவிட்டு மற்றவர்களைப் பாருங்கள்.

எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவு வேகம் தேவையில்லை என்பதும் இங்கே சொல்ல வேண்டியது. வார்ட்டன் பேராசிரியர் மார்ஷல் ஃபிஷர் 1997இல் இதைத் தெளிவாகப் பிரித்தார்: தேவை சீரான அன்றாடப் பொருளுக்குச் சிக்கனமான சங்கிலி, தேவை தெரியாத புதுப் பொருளுக்கு விரைவாகத் திரும்பும் சங்கிலி. உங்களிடம் பொன்னியும் துவரம்பருப்பும் முதல் வகை. புதிதாக வந்த சிறுதானிய நூடுல்ஸ், ஒரு யூடியூப் சமையல்காரர் காட்டியதால் ஓடும் மசாலா, இவை இரண்டாம் வகை. இரண்டாம் வகையைச் சிறிய அளவில், விலை கூடினாலும் கலப்புக் கன்டெய்னரில், தேவைப்பட்டால் விமானத்திலும் கொண்டுவாருங்கள். அவற்றுக்காகப் பொன்னியின் கப்பல் நாளைத் தொடாதீர்கள்.

பூட்டை உடைக்கவே கூடாதா என்று கேட்டால், உடைக்கலாம். உடைக்கும் உரிமை யாருக்கு என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். நான் ஏற்றுக்கொள்ளும் காரணங்கள் இரண்டு: அனுப்பும் நாட்டில் அரசாணை, அல்லது சரக்கு வரும் வழி அடைபடுவது. 'பெரிய வாடிக்கையாளர் கோபப்படுகிறார்' என்பது இந்தப் பட்டியலில் இல்லை. அவருக்கு அந்த எண்பது சதவீதத்துக்கு வெளியே நிற்கும் சரக்கிலிருந்து கொடுங்கள். வேறு காரணத்துக்காக உடைக்க வேண்டும் என்று யார் கேட்டாலும், அதனால் ஆகும் செலவை ரூபாயில் எழுதி, அது எந்தப் பிரிவின் கணக்கில் ஏறும் என்று கையெழுத்திடச் சொல்லுங்கள். செலவு எழுதப்படாத வரை எல்லா மாற்றமும் இலவசமாகத் தோன்றும். எழுதத் தொடங்கிய முதல் மாதத்திலேயே பாதிக் கோரிக்கைகள் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். டாலர் கிடைப்பதே சிரமமாக இருக்கும் காலத்தில் கடன் கடிதத் திருத்தக் கட்டணம்கூடச் சிறிய தொகையல்ல.

கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை, ஒரே கிழமையில், விற்பனை, கிடங்கு, கணக்கு மூவரும் சேர்ந்து மொத்த அளவைப் பார்க்க வேண்டும். வாரக் கூட்டத்தில் பங்கீடும் பைக்கட்டும் மட்டும். வாரக் கூட்டத்தில் யாராவது மொத்த அளவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மாதக் கூட்டத்துக்கு எழுதி வையுங்கள், அங்கே முடிவெடுக்காதீர்கள்.

நாளைக்கே செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்லி நிறுத்துகிறேன். கடந்த ஓர் ஆண்டு ஆர்டர்களை எடுத்து, ஒவ்வொன்றும் முதலில் போனபோது இருந்த அளவையும், எத்தனை முறை திருத்தப்பட்டது என்பதையும், கடைசியில் கப்பலில் ஏறிய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மேலும் கீழும் திருத்தி இறுதியில் முதல் அளவுக்கே திரும்பி வந்த ஆர்டர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். அந்தத் தாளோடு, ஒவ்வொரு கன்டெய்னரும் சொன்ன நாளுக்கும் வந்த நாளுக்கும் உள்ள இடைவெளியையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு இவற்றையே எடுத்துப் போங்கள். பூட்டு நாள் எது என்பதை விற்பனையும் கிடங்கும் சேர்ந்தே முடிவு செய்துவிடுவார்கள். அவர்கள் முடிவெடுத்த அன்றைக்கே ஆரணிக்கும் கப்பல் முகவருக்கும் அதை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அடுத்த இரண்டு ஆர்டர்களில் ஒரு திருத்தமும் அனுப்பாதீர்கள். மூன்றாவது ஆர்டரில் உண்மையாகவே ஓர் அவசரம் வந்து நீங்கள் தொலைபேசியில் பேசும்போது, ஆலைக்காரர் எழுந்து போய்ப் பார்ப்பார்.